விட்ட மீன் பொழைச்சுதா?

மூணு தடவை எழுத ஆரம்பிச்சு மூணு தடவையும் பாதியில நிறுத்தின பதிவு இது. மீனைப் பத்தின பதிவுன்னதும் குழம்பு ரெசிப்பின்னு நெனச்சு ஓடி வந்தவங்க மன்னிக்கணும். இது நான் சாப்பிடாத மீனைப் பத்தினது :-)

பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும். இந்த வலைப்பதிவோட வலது ஓரத்துல ரொம்ப வருஷமா ஒரு போட்டோ இருந்துச்சு. நடுக்கடல்ல ஒரு படகு, படகு ஓரத்துல குனிஞ்சபடி தொப்பி போட்ட அடியேன், பக்கத்துல தண்ணிக்கு மேல தலையைக் காட்டிட்டு ஈட்டி மூக்கோட ஒரு மீன். போன வாரம் அதைத் தூக்கிட்டேன். ஏன் தூக்கினன்னு ரெண்டு பேர் தனிமடல்ல கேட்டிருந்தாங்க. பதில் கொஞ்சம் நீளம், அதனால பதிவாவே போட்டுடறேன்.

*

2006 ஆகஸ்ட். அப்போ எனக்கு அமெரிக்காவுல வட கரோலினாவுல வேலை. ஆபீஸ்ல கூட வேலை பார்த்த ஆறு பேர் சேர்ந்து காசு போட்டு ஒரு மீன்பிடி படகை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தோம். விடிகாலை கிளம்பினா ரெண்டு ரெண்டரை மணி நேரத்துல கல்ஃப் ஸ்ட்ரீம்ங்கிற வெதுவெதுப்பான நீரோட்டத்துக்குப் போயிடலாம். கடல் பச்சையில இருந்து திடீர்னு கருநீலமா மாறும் பாருங்க, அது ஒரு காட்சி.

எனக்கு மாட்டினது வெள்ளை மார்லின். நம்ம ஊர் மயில் மீனுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்னு வச்சுக்குங்க. ஒரு 25 கிலோ இருக்கும். இரையைக் கவ்வினதும் உடனே இழுக்காத, நல்லா விழுங்கட்டும், நாலஞ்சு செகண்ட் நூலைத் தளர விடுன்னு படகுக்காரர் சொல்லிக் குடுத்தார். அப்படியே செஞ்சேன். அது விழுங்குச்சு. அப்புறம் இருபது நிமிஷம் அது குதிக்க, நான் கத்த, சுத்தி நின்னவங்க விசிலடிக்கன்னு ஒரே கொண்டாட்டம்.

பக்கத்துல இழுத்துப் பார்த்தா தூண்டில் முள் வாயில இல்ல, உள்ளே தொண்டைக்கும் கீழ போயிருந்துச்சு. செவுள் பக்கம் ரத்தம். படகுல வேலை பார்த்த பையன் நூலை வாய்க்கிட்ட நறுக்கினான். போட்டோ எடுத்தோம், விட்டோம். மீன் ஒரு பக்கமா சாஞ்ச மாதிரி மெதுவா உள்ளே போச்சு. "அதெல்லாம் பொழைச்சுக்கும்"னான் அவன். பிடிச்சு விட்ட மீனுக்குன்னே ஒரு கொடி வச்சிருக்காங்க. அதைப் படகுல ஏத்தி ஜம்முனு துறைமுகத்துக்குத் திரும்பினோம். நான் ஒரு உயிரைக் காப்பாத்தின மாதிரி பெருமையா உக்காந்திருந்தேன். அந்த மீனை முள்ளுல மாட்டினதே நான்தான்கிறது அப்போ உறைக்கல.

அடுத்த வருஷம் ஊருக்குப் போனப்போ பெரியப்பாகிட்ட அந்தப் போட்டோவைக் காட்டினேன். எங்க குடும்பம் தூத்துக்குடிக்குத் தெக்க ஒரு கடற்கரை ஊர். எங்கப்பா படிச்சு வேலைக்கு வந்துட்டார். பெரியப்பா நாப்பது வருஷம் கடலுக்குப் போனவர்.

"மயில் மீன் சாதி மாதிரில்லா இருக்கு. என்ன வெலைக்குப் போச்சு?"

"விக்கல பெரியப்பா. விட்டுட்டோம்."

"விட்டியளா? ஏம்ல?"

விளையாட்டுக்குப் பிடிக்கிறது, பிடிச்சதும் திருப்பி விட்டுடணும், அதான் மீன் இனத்துக்கு நல்லதுன்னு ஒரு சின்ன லெக்சர் குடுத்தேன். அவர் அதைக் காதுல வாங்கின மாதிரியே தெரியல. போட்டோவுல செவுள் பக்கம் விரலை வச்சார்.

"இங்கன ரத்தம் வந்திருக்குலே. இது பொழைச்சிருக்காது. திங்கவும் இல்ல, விக்கவும் இல்ல. வீணாப் போச்சு."

எனக்குக் கோவம்தான் வந்துச்சு. பழைய காலத்து மனுஷன், இவருக்கு என்ன தெரியும்னு லேப்டாப்பை மூடி வச்சேன். (இதை எழுதும்போது வெக்கமாத்தான் இருக்கு.)

*

சரி, மேட்டருக்கு வர்றேன். கடல்ல விட்ட மீன் பொழைச்சுதா செத்துதான்னு யாரு போய்ப் பாக்கிறது? ரொம்ப காலத்துக்குப் பார்க்க வழியே இல்ல. 1954-ல அமெரிக்காவுல வுட்ஸ் ஹோல் ஆராய்ச்சி நிலையத்துல ஃபிராங்க் மாதர்னு ஒருத்தர், மீன்பிடிக்கிறவங்க கையிலயே அடையாளச் சீட்டைக் குடுத்து மீன் முதுகுல குத்தி விடச் சொன்னார். நம்பர் போட்ட சாதாரண பிளாஸ்டிக் வால்தான். யாராவது அதே மீனை மறுபடி பிடிச்சு, சீட்டைப் பார்த்து, கடுதாசி போட்டாத்தான் உண்டு. மார்லின் வகையறாவுல நூறு சீட்டு குத்தினா ஒண்ணு ரெண்டு திரும்பி வந்தாலே பெரிய விஷயம். மிச்சமெல்லாம் செத்துச்சா, உயிரோட சுத்துதா, பிடிச்சவன் சீட்டைத் தூக்கிப் போட்டுட்டானா, ஒண்ணும் தெரியாது. செத்த மீனு கடுதாசி போடாது இல்லையா.

1990-களோட கடைசியில வந்ததுதான் சாட்டிலைட் டாக். பார்க்க மேடையில பாடுறவங்க பிடிக்கிற மைக் மாதிரி இருக்கும். அதோட முள்ளை மீனோட முதுகுத் துடுப்புக்குக் கீழ சதையில குத்தி விட்டுடுவாங்க. மீன் போற இடமெல்லாம் அதுவும் போகும். தண்ணி எவ்வளவு ஆழம், எவ்வளவு சூடு, எவ்வளவு வெளிச்சம்னு குறிச்சுக்கிட்டே இருக்கும்.

"ஜி.பி.எஸ் வச்சா போதாதா?"ன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் கேட்டேன். ரேடியோ அலை உப்புத் தண்ணிக்குள்ள போகாது. மார்லினும் சூரையும் காத்து வாங்க மேல வர்ற ஜாதி இல்ல. அதனால நம்ம பழைய மாலுமிக் கணக்குதான். வெளிச்சத்தை வச்சு சூரிய உதயம், அஸ்தமனம் எப்போன்னு தெரியும். பகல் எவ்வளவு நீளம்னு பார்த்தா அட்சரேகை, உச்சி வேளை எப்போன்னு பார்த்தா தீர்க்கரேகை. துல்லியமெல்லாம் கிடையாது, பல கிலோமீட்டர் முன்னப் பின்ன இருக்கும். மார்ச், செப்டம்பர்ல உலகம் பூரா பகலும் ராத்திரியும் சமமா இருக்கிற சமயத்துல அட்சரேகைக் கணக்கு படுத்துடும். அப்போ கடல் மேற்பரப்புச் சூட்டை சாட்டிலைட் படத்தோட ஒப்பிட்டு ஒட்டுப் போடுவாங்க.

முன்னாடியே குறிச்சு வச்ச நாள் வந்ததும் டாக் தன்னோட இணைப்பு ஊசியில கரண்டைப் பாய்ச்சி அதை அரிக்க விட்டு அறுத்துக்கும். மேல மிதந்து வந்து, சேர்த்து வச்ச கணக்கோட சுருக்கத்தை ஆர்கோஸ் சாட்டிலைட்டுக்கு அனுப்பும். மீனை மறுபடி யாரும் பிடிக்க வேண்டாம். மீன் செத்து அடியில போய்க் கிடந்தா ஆழம் மாறாம ஒரே கோடா நிக்கும், அதுவும் தெரிஞ்சுடும். சுறா டாக்கோட சேர்த்து முழுங்கிட்டா கூடத் தெரியும். திடீர்னு வெளிச்சம் பூஜ்யம், சூடு மட்டும் சுத்துத் தண்ணியை விட அதிகம், சில நாள் கழிச்சு மறுபடி வெளிச்சம். எங்க வழியா வெளிய வந்துச்சுன்னு நீங்களே யூகிச்சுக்குங்க ;-)

*

இப்போ என் மீனுக்கு வர்றேன். வர்ஜீனியா கடல் அறிவியல் நிலையத்தைச் சேர்ந்த ஹொரடிஸ்கி, கிரேவ்ஸ்னு ரெண்டு பேர் 2005-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. நான் பிடிச்ச அதே வெள்ளை மார்லின், நான் பிடிச்ச மாதிரியே விளையாட்டுக்குப் பிடிச்சு விட்டது. தகவல் அனுப்பின டாக் 40. அதுல 20 மீன் சாதாரண ஜே வடிவ முள்ளுல பிடிச்சது. இன்னொரு 20 வட்ட முள்ளுல பிடிச்சது. வட்ட முள்ளுன்னா நுனி உள்பக்கமா வளைஞ்சிருக்கும். விழுங்கினாலும் உள்ளே குத்தாம வழுக்கிட்டு வந்து வாயோரத்துலதான் பெரும்பாலும் மாட்டும்.

வட்ட முள்ளு மீன் இருபதும் உயிரோட இருந்துச்சு. ஜே முள்ளு மீன் இருபதுல ஏழு செத்துப் போச்சு.

மூணுல ஒண்ணுக்கும் மேல! எல்லாம் "பொழைச்சுக்கும்"னு சொல்லி, கொடி ஏத்தி, கணக்குல "விடப்பட்டது"ன்னு எழுதின ரக மீன்கள். நான் இதைப் படிச்சது 2009-லயோ 2010-லயோ. படிச்சதும் முதல்ல ஞாபகத்துக்கு வந்தது பெரியப்பாவோட விரல்தான். நான் கடலுக்குப் போனதுக்கு முந்தின வருஷமே இந்த ஆய்வு வந்தாச்சு. எங்க படகுல இருந்தது ஜே முள்ளு.

நாப்பது மீன் ரொம்பக் கம்மின்னு சொல்றவங்களுக்காக ஒரு ராத்திரி உக்காந்து கணக்குப் போட்டேன். முள்ளுக்கும் சாவுக்கும் சம்பந்தமே இல்ல, சும்மா தற்செயலா ஏழு மீன் செத்துச்சுன்னு வச்சுக்குவோம். அந்த ஏழும் ஜே பக்கமே விழ எவ்வளவு வாய்ப்பு? ஆயிரத்துக்கு நாலு. நான் இதுக்கு மேல வாதாட மாட்டேன்.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், இதுக்கான வைத்தியம் ரொம்பச் சின்னது. படகை மாத்த வேண்டாம், தொழிலை விட வேண்டாம், முள்ளை மட்டும் மாத்தணும். அமெரிக்காவுல 2008-லிருந்து அட்லாண்டிக் மார்லின் போட்டிகள்ல இயற்கை இரை போட்டா வட்ட முள்ளுதான் போடணும்னு சட்டமே இருக்கு. ஒரு டாக் ஏறக்குறைய 4,000 டாலர்னு வச்சா நாப்பதுக்கு ஒண்ணரை லட்சம் டாலருக்கு மேல ஆகும். அந்தக் காசுக்கு இதை விட நல்ல பலன் எனக்குத் தெரிஞ்சு கம்மி.

*

பின்னூட்டத்துல வரப்போற கேள்விகளுக்கு இப்பவே என் பதில்:

1. "முள்ளு குத்தினது போதாதுன்னு மைக்கை வேற குத்துறாங்களே, பாவம் இல்லையா?" பாவம்தான். நானும் ஆரம்பத்துல டாக் குத்துறதே மீனைக் கொல்லும்னுதான் நெனச்சேன். ஆனா மேல சொன்ன ஆய்வைப் பாருங்க. ரெண்டு பக்கமும் அதே டாக். வட்ட முள்ளு பக்கம் ஒண்ணு கூட சாகல. அப்போ ஜே பக்கம் செத்த ஏழுக்கு டாக் மேல பழி போட முடியாது. அதுக்காக வலிக்காதுன்னு நான் சொல்லல. நாப்பது மீனோட வலியில அதுக்கப்புறம் வர்ற மீன்கள் பொழைக்குது. எனக்கு அந்தக் கணக்கு சரியாப் படுது. உங்களுக்குப் படலைன்னா சண்டைக்கு வர மாட்டேன்.

2. "இது பணக்காரன் விளையாட்டு. மேல அறிவியல்னு பெயிண்ட் அடிக்கிறாங்க." இதுல பாதி உண்மை. 2009-ல ஹவாய்ல கோனா மார்லின் போட்டியில ஒரு பந்தயம் ஆரம்பிச்சாங்க. மீன்பிடிக்கிறவங்க காசு போட்டு டாக் வாங்கணும், மீன்ல குத்தி விடணும், குறிச்ச நாளுக்குள்ள யாரோட மீன் அதிக தூரம் போகுதோ அவங்க ஜெயிச்சவங்க. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகமும் சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கமும் சேர்ந்து பிறகு உலகம் பூரா நடத்துறாங்க. முதல்ல கேள்விப்பட்டப்போ இது என்னடா கடலுக்குள்ள ரேக்ளா ரேஸ்னு சிரிச்சேன். அப்புறம் யோசிச்சேன். நான் அன்னிக்கு ஒரு போட்டோவுக்காக ஒரு மீனைக் கொன்னேன் (அனேகமா). இவங்க பெருமையையும் பந்தய ஆசையையும் வச்சே ஆராய்ச்சிக்குக் காசு வாங்கிடறாங்க. நடுக்கடல்ல சுத்துற மீனுக்கு எந்த அரசாங்கம் இவ்வளவு செலவு பண்ணும்?

ஆனா இங்க ஒரு சந்தேகத்தையும் வச்சிருக்கேன். ஜெயிக்கணும்னு காசு போட்டவன், துவண்டு ரத்தம் ஒழுகுற மீன் மேல 4,000 டாலரைக் குத்துவானா? துள்ளுற மீனாப் பார்த்துத்தான் குத்துவான். அப்படிக் கிடைக்கிற தகவல் மீன் எங்க போகுதுன்னு சொல்லும். விட்ட மீன்ல எத்தனை சாகுதுன்னு சொல்லாது. ரெண்டையும் குழப்பிக்கிட்டு "பாருங்க, எங்க மீனெல்லாம் பிரமாதமாப் பொழைக்குது"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

3. "மார்லினைக் கொல்றது விளையாட்டுக்காரன் இல்ல, பல கிலோமீட்டர் நூல் விடுற கப்பல்கள்தான்." உண்மை. சூரைக்கும் வாள் மீனுக்கும் விரிச்ச ஆயிரம்கால் தூண்டில்ல மார்லினும் சேர்ந்து சாகுறதுதான் பெரிய கணக்கு. ஆனா பக்கத்து வீட்டுக்காரன் பெரிய திருடன்கிறதால என் சில்லறைத் திருட்டு நேர்மை ஆயிடுமா?

*

என்னை உண்மையிலேயே தூங்க விடாத கேள்வி வேற. டாக் எல்லாம் சொல்லிடுச்சு, சரி. கேக்க வேண்டியவன் கேக்கலைன்னா?

இதுக்கு நீலத்துடுப்புச் சூரையோட கதையைச் சொல்லணும். அட்லாண்டிக்ல இருக்கிற ராட்சச சூரை. 1979-ல கனடாவுல நோவா ஸ்கோஷியா பக்கம் பிடிச்ச ஒண்ணு 679 கிலோ. இதைப் பிடிக்கிறதுக்குக் கணக்கு வச்சிருக்கிற சர்வதேசக் கமிஷன் ஒண்ணு உண்டு, சுருக்கமா ஐகேட்னு சொல்வாங்க. அவங்க கடலுக்கு நடுவுல 45 டிகிரி மேற்குத் தீர்க்கரேகையில ஒரு கோடு போட்டாங்க. கோட்டுக்கு மேற்க ஒரு கூட்டம், அது மெக்சிகோ வளைகுடாவுல முட்டை போடும். கிழக்க ஒரு கூட்டம், அது மத்தியதரைக் கடல்ல முட்டை போடும். மேற்குக்கு ஒரு கோட்டா, கிழக்குக்கு அதை விடப் பல மடங்கு பெரிய கோட்டா.

1990-களின் நடுவுல இருந்து ஸ்டான்ஃபோர்டோட பார்பரா பிளாக்கும் அவங்க குழுவும் வட கரோலினா கடல்ல (ஆமா, நான் போன அதே கடல்தான்) இந்தச் சூரைக்கு டாக் குத்த ஆரம்பிச்சாங்க. 2001-லயும் 2005-லயும் வந்த அவங்க ஆய்வுகளைப் படிச்சா மீன் மேல மரியாதை வந்துடும். ஆயிரம் மீட்டருக்கும் கீழ முங்குது, 3 டிகிரிக்கும் கீழான குளிர்த் தண்ணியில போகுது, ஆனா தன் உடம்பை மட்டும் 25 டிகிரி பக்கம் சூடா வச்சுக்குது. எல்லாத்தையும் விட முக்கியமான விஷயம், அந்தக் கோட்டை அது மதிக்கவே இல்ல. அமெரிக்கக் கரையில டாக் குத்தின மீன் கடலைத் தாண்டி மத்தியதரைக் கடலுக்குப் போய் முட்டை போடுது. ரெண்டு கூட்டமும் நடுக்கடல்ல ஒண்ணா மேயுது, முட்டை போட மட்டும் அவங்கவங்க தாய் வீட்டுக்குப் போகுது. அப்போ கிழக்குல பெரிய கோட்டாவுல பிடிக்கிறது சில சமயம் மேற்கோட சின்னக் கூட்டத்து மீனாவும் இருக்கலாம்.

இது தெரிஞ்சப்புறம் என்ன நடந்துச்சு? 2008-ல கமிஷனோட சொந்த விஞ்ஞானிகளே கிழக்குப் பக்கம் 15,000 டன்னைத் தாண்டாதீங்கன்னாங்க. கமிஷன் 2009-க்கு 22,000 டன்னுன்னு முடிவு பண்ணுச்சு. 2010 மார்ச்ல தோஹாவுல, இந்த மீனோட சர்வதேச வியாபாரத்தையே தடை பண்ணணும்னு மொனாக்கோ நாடு தீர்மானம் கொண்டு வந்துச்சு. ஆதரவு 20, எதிர்ப்பு 68. கதை முடிஞ்சுது.

ஆனா முழுசா முடியல. நாலா பக்கமும் திட்டு விழுந்ததுல கோட்டாவை இறக்கினாங்க, கண்காணிப்பைக் கூட்டினாங்க. மீன் திரும்பி வந்துச்சு. 2021-ல இந்த இனத்தை அழிவு அபாயப் பட்டியல்ல இருந்து கீழே இறக்கினாங்க. 2022-ல ஐகேட், ரெண்டு கூட்டமும் கலக்குதுங்கிறதைக் கணக்குல எடுத்துக்கிட்டு கோட்டா போடுற புது முறைக்கு ஒத்துக்கிச்சு. 2005-ல மீன் சொன்னது, காகிதத்துல ஏற 17 வருஷம். இன்னொண்ணையும் மறக்கக் கூடாது. 2021 நல்ல செய்தியிலயே, மெக்சிகோ வளைகுடாவுல முட்டை போடுற மேற்குக் கூட்டம் 1970-கள்ல இருந்ததுல பாதிக்கும் கீழதான்னும் சொல்லியிருந்தாங்க. ரெண்டையும் சேர்த்து எண்ணியிருந்தா கிழக்கோட நல்ல சேதியில மேற்கோட நஷ்டம் கண்ணுக்கே தெரிஞ்சிருக்காது.

*

ஆக என் கருத்து இதுதான். டாக் குத்தட்டும், நான் ஆதரவு. ஆனா மூணு விஷயம் வேணும். குத்தினா அந்தத் தகவல் எல்லாருக்கும் பொதுவா இருக்கணும், யாரோ ஒருத்தர் பீரோவுல பூட்டக் கூடாது. துள்ளுற மீனுக்கு மட்டும் இல்ல, துவண்ட மீனுக்கும் குத்தணும், அப்போதான் விட்டதுல எத்தனை செத்துச்சுன்னு தெரியும். மூணாவது, தகவல் வந்தப்புறம் கோட்டா போடுறவங்க அதை மீறினா, ஏன் மீறினோம்னு எழுத்துல பதில் சொல்லணும். அதைக் கேக்காம டாக் மட்டும் குத்திக்கிட்டே இருந்தா, அது மீனைச் சும்மா குத்தின கணக்குதான்.

போன வாரம் பெரியப்பாகிட்ட போன்ல பேசினேன். எண்பத்திரண்டு வயசு, காது மட்டும் கொஞ்சம் மந்தம். இருபதுல ஏழு கதையைக் கத்திக் கத்திச் சொன்னேன். அந்தப் போட்டோ அவருக்கு ஞாபகம் இருக்கு.

"இதுக்கு எதுக்குல நாலாயிரம் டாலரு டப்பா? என்னயக் கேட்டா நான் சொல்லிருப்பம்லா?"

"நீங்க அப்பவே சொன்னீங்க பெரியப்பா. நான்தான் நம்பல."

அவர் சிரிச்சார். "முள்ள மாத்துனா எல்லாம் பொழைக்குதாக்கும்? அது நம்ம அறியாத சேதிதான்"னு சொல்லிட்டு, முள்ளு எப்படி வளைஞ்சிருக்கும்னு விவரமா விசாரிச்சார். நான் சொல்லிக்கிட்டே கம்ப்யூட்டரைத் திறந்து அந்தப் போட்டோவைத் தூக்கிட்டேன்.

பி.கு: திரும்ப மீன்பிடிக்கப் போவியான்னு கேட்டா, தெரியல. போனா வட்ட முள்ளோட போவேன், மீனைத் தண்ணியை விட்டுத் தூக்காமயே விடுவேன். இல்லைன்னா பெரியப்பா சொன்ன மாதிரி, திங்கிறதுக்குத் தேவையானதைப் பிடிச்சு குழம்பு வைப்பேன். எது சரின்னு நீங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. கும்மி அடிக்கிறவங்களும் வரலாம், ஆனா ரெசிப்பி கேக்கக் கூடாது :-)